அம்மன் என்று யார் சொன்னது?

மால்டா தீவில் தர்ஷீன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு கற்காலக் கோயில். உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் ஒரு சிலை. சிலை என்பதே கொஞ்சம் மிகை, பாதிதான் இருக்கிறது. மடிப்பு மடிப்பாக ஒரு பாவாடை. அதற்குக் கீழே உரல் மாதிரி இரண்டு கால்கள். அந்தக் கால்களுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல் சின்னஞ்சிறு பாதங்கள். இடுப்புக்கு மேலே சுத்தமாக ஒன்றும் கிடையாது. முழுசாக இருந்த காலத்தில் இரண்டரை, மூன்று மீட்டர் உயரம் இருந்திருக்கும் என்கிறார்கள். அசல், தலைநகர் வாலெட்டாவின் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. கோயிலில் நிற்பது நகல்.

இந்த அரைச் சிலையைப் பற்றி எழுதும் புத்தகங்கள், டூரிஸ்ட் கையேடுகள் பெரும்பாலானவற்றில் ஒரே வாசகத்தைத்தான் பார்க்கலாம். தாய்த் தெய்வம். அதுவும் சாதாரணத் தாய்த் தெய்வம் இல்லை, மாபெரும் தாய்த் தெய்வம்.

முகம் இல்லை. மார்பு இல்லை. கையில் என்ன வைத்திருந்தது, தெரியாது. பீடத்தில் பெயர் கிடையாது, எழுத்தே இல்லாத காலம். பிறகு எப்படி இது பெண், தாய், தெய்வம் என்று ஒரே மூச்சில் மூன்று தீர்ப்பு சொன்னோம்? இந்த வாரம் அதைத்தான் கொஞ்சம் கிளறப் போகிறேன். அம்மன் பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். விவகாரம் சாமியைப் பற்றியதில்லை, சாமிக்குப் பெயர் வைத்தவர்களைப் பற்றியது.

முதலில் மால்டா. சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நட்டநடுவில் இருக்கும் குட்டி நாடு. பக்கத்துத் தீவான கோசோவையும் சேர்த்தால் 316 சதுர கிலோமீட்டர். பைக் இருந்தால் ஒரே நாளில் குறுக்கும் நெடுக்குமாகப் போய்வந்து விடலாம். இந்த இத்தனூண்டு இடத்தில் கி.மு. 3600 வாக்கில் ஆரம்பித்து, ஆயிரம் வருஷத்துக்கும் மேல், சளைக்காமல் கல் கோயில்களாகக் கட்டித் தள்ளியிருக்கிறார்கள். ஜிகாந்தியா, ஹஜர் இம், இம்னாய்ட்ரா, தர்ஷீன்... சுமார் முப்பது இடங்கள். எகிப்தில் கிஸாவின் பெரிய பிரமிடு எழும்புவதற்கு ஆயிரம் வருஷம் முந்தைய ஆரம்பம். கையில் இரும்பு இல்லை, செம்பும் இல்லை. கல்லைக் கல்லால் அடித்தும் எலும்பாலும் கொம்பாலும் நெம்பியும் செய்த வேலை. கோசோவிலுள்ள ஜிகாந்தியாவின் சுவர் இன்றைக்கும் ஆறு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது.

இதன் வயதே ரொம்ப நாள் யாருக்கும் பிடிபடவில்லை. கிரேக்கத்திலிருந்தோ கிரீட்டிலிருந்தோ யாராவது வந்து சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். சின்னத் தீவுக்காரனுக்குச் சொந்த மூளை இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்? கார்பன் தேதிகளைத் திருத்திக் கணக்கிட்ட பிறகு கதை தலைகீழானது. சொல்லிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாத்தியார்கள் அப்போது பிறக்கவே இல்லை. காலின் ரென்ஃப்ரூ 1973இல் எழுதிய புத்தகத்தில் இதைப் போட்டு உடைத்தார்.

சரி, தாய்த் தெய்வத்துக்கு வருவோம். இந்தப் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முதலிடம் மரியா கிம்புட்டாஸ் என்ற அம்மாளுக்கு. 1921இல் லித்துவேனியாவில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் நாட்டைவிட்டு ஓடி, ஜெர்மனியில் டாக்டர் பட்டம் வாங்கி, கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸில் பேராசிரியர் ஆனவர். சாதாரண ஆள் இல்லை. தென்கிழக்கு ஐரோப்பாவில் தானே மண்ணைத் தோண்டியவர். எத்தனையோ மொழிகளில் கிடந்த அகழாய்வு அறிக்கைகளை அந்தந்த மொழியிலேயே படித்தவர்.

1989இல் அவர் எழுதிய 'தேவியின் மொழி' அளவிலும் ஆசையிலும் பெரிய புத்தகம். கிட்டத்தட்ட 2000 கற்காலப் பொருள்களை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேலுள்ள கோடு, சுழி, வளைவு எல்லாம் ஒரே மொழியின் எழுத்துக்கள் என்றார். அந்த மொழி பேசுவது ஒருத்தியைப் பற்றித்தான். பிறப்பு, இறப்பு, மறுபிறப்பு மூன்றையும் கையில் வைத்திருக்கும் தேவி. முன்னுரை எழுதிய ஜோசப் கேம்பெல், எகிப்திய எழுத்தைத் திறந்த ரொசெட்டா கல்லோடு இந்த வேலையை ஒப்பிட்டார். பெரிய வார்த்தை.

படிக்கப் படிக்க மயக்கும் புத்தகம், அதை மறுக்க முடியாது. படங்களுக்காகவே வாங்கி வைக்கலாம். ஆனால் பாதிக்கு மேல் ஒரு சந்தேகம் எலி மாதிரி பிறாண்ட ஆரம்பிக்கும். 'வி' மாதிரி கோடு இருந்தால் தேவி. வளைந்து வளைந்து போனால் தண்ணீர், தண்ணீர் என்றால் தேவி. பறவை, பாம்பு, மீன், முள்ளம்பன்றி எல்லாம் தேவி. சரி, காளை மாடு? அதையாவது ஆண் கணக்கில் விடுவாரா என்றால் அதுவும் இல்லை. காளையின் தலையும் கொம்பும் பெண்ணின் கருப்பையும் அதன் இரண்டு குழாய்களும் போலவே இருக்கிறதாம். ஆகவே காளையும் தேவி!

ஒரு பூட்டுக்குச் சாவி செய்தவரைப் பாராட்டலாம். ஊரிலுள்ள எல்லாப் பூட்டையும் அதே சாவி திறந்தால்? சாவியைச் சந்தேகிப்பதா, பூட்டையா?

ரொசெட்டா கல்லில் ஒரே செய்தி மூன்று எழுத்தில் இருந்தது. அதில் கிரேக்கத்தை வாசிக்கத் தெரிந்த ஆள்கள் இருந்தார்கள். நீங்கள் படித்தது சரியா தப்பா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. கிம்புட்டாஸின் அகராதியில் அந்த வழி இல்லை. தப்பாகவே ஆக முடியாத விளக்கம் எனக்குக் கொஞ்சம் பயம் தருகிறது.

மால்டாவுக்கு வந்தபோது அவர் இன்னும் ஒருபடி மேலே போனார். கோயில்களின் தரைப்படத்தைப் பார்த்தால் இரண்டு பக்கமும் வட்ட வட்டமாக அறைகள், நடுவில் வழி. தேவியின் பருத்த உடம்பேதான் கோயிலின் வடிவம் என்றார். வாசல் வழியாகப் போகிறவன் தாயின் வயிற்றுக்குள் போகிறான். அழகான கற்பனை. மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் கட்டிய காலத்தில் மேலிருந்து பார்த்தது காக்கை குருவிகள் மட்டும்தான். கோயிலுக்குப் போனவன் பார்த்தது வாசல், முற்றம், இருட்டு, அதற்கப்பால் உனக்கு அனுமதி இல்லை என்கிற மாதிரி குறுக்கே நிற்கும் ஒரு கல்.

இப்போது சிலைகளைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். மால்டாவின் குண்டு உருவங்களுக்கு ஆய்வாளர்களே செல்லமாக வைத்த பெயர் 'குண்டு அம்மணிகள்'. அதில் பலவற்றுக்கு மார்பு செதுக்கவில்லை. ஆண் என்று காட்டும் அடையாளமும் இல்லை. தொடை, புஜம், பாவாடை, அவ்வளவுதான். பாவாடை என்றால் பெண்தானே என்று கேட்காதீர்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

பெண் உருவங்கள் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கின்றன, அற்புதமாக இருக்கின்றன. 'உறங்கும் பெண்' என்று ஒரு சுடுமண் பொம்மை, நீளம் 12 சென்டிமீட்டர்தான். ஒருக்களித்து, கையைத் தலைக்குக் கீழே மடித்து வைத்துத் தூங்குகிறாள். அவள் கனத்தில் கட்டிலே நடுவில் தொய்ந்திருக்கிறது. செய்தவனோ செய்தவளோ கட்டிலின் தொய்வைக்கூட விடவில்லை, பாருங்கள். ஹஜர் இம் கோயிலில் கிடைத்த இன்னொரு சின்ன உருவமும் சந்தேகமில்லாமல் பெண். அதே தர்ஷீனில் கல்லில் செதுக்கிய ஆண்குறிகளும் கிடைத்திருக்கின்றன. காளை, ஆடு, குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் பன்றி எல்லாம் கிடைத்திருக்கின்றன. இத்தனை பேர் கூடியிருக்கும் கூட்டத்தில் ஒருத்திக்கு மட்டும் நாற்காலி போட்டு, மற்றவர்களெல்லாம் அவளுடைய சின்னங்கள் என்றால் எப்படி?

எனக்கு இதில் மிகவும் பிடித்த சமாச்சாரம் வேறு. சில சிலைகளில் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. ஓரத்தில் கயிறு கோக்கிற மாதிரி ஓட்டைகள். அதாவது உடம்பு தனி, தலை தனி. கழற்றி மாட்டிக்கொள்ளலாம்! தலையை ஆட்டிக் காட்டினார்களா? திருவிழாவுக்கு ஒரு தலை, சாவுக்கு ஒரு தலை என்று மாற்றினார்களா? ஆண் தலை, பெண் தலை என்று இரண்டும் வைத்திருந்தார்களா? யோசித்தால் ராத்திரி தூக்கம் போய்விடும். 'தாய்த் தெய்வம்' என்று லேபிள் ஒட்டிய மறுநிமிஷம் இந்தக் கேள்விகளெல்லாம் செத்துப்போகின்றன. என் முக்கியமான புகார் இதுதான். அந்தப் பதில் தப்பு என்பதைவிட, சீக்கிரம் வந்துவிட்டது என்பது.

இதைச் சொன்னது நான் முதல் ஆள் இல்லை. எகிப்து, கிரீட் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்த பீட்டர் உக்கோ 1960களிலேயே எச்சரித்தார். கணிசமான பொம்மைகளில் ஆணா பெண்ணா என்ற அடையாளமே இல்லை, எல்லாம் சாமி என்று என்ன நிச்சயம், விளையாட்டுப் பொம்மையாகக்கூட இருக்கலாமே என்று. மால்டாவிலேயே வருஷக்கணக்கில் தோண்டிய கரோலின் மலோன் 1998இல் எழுதிய கட்டுரையின் கேள்வியே ஆண் தெய்வமா, பெண் தெய்வமா என்பதுதான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நேராகப் பேசிவிட வேண்டும். கிம்புட்டாஸின் தேவியை உலகம் அத்தனை ஆசையாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் சிலைகள் இல்லை. அவர் அதோடு சேர்த்துச் சொன்ன கதை. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பெண்ணை மையமாக வைத்து, ஏற்றத்தாழ்வு இல்லாமல், சண்டையில்லாமல் மனிதர்கள் வாழ்ந்தார்கள். பிறகு கிழக்கே புல்வெளியிலிருந்து குதிரையேறி வந்த ஆண்கள் எல்லாவற்றையும் அழித்தார்கள். வீட்டிலும் ஆபீஸிலும் தினம் அவமானப்படுகிற ஒரு பெண்ணுக்கு இந்தக் கதை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசியுங்கள். இப்படித்தான் எப்போதும் இருந்தது என்கிறவன் வாயை அடைக்க ஓர் ஆதாரம் வேண்டாமா? அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வராது. உலகெங்குமிருந்து பெண்கள் இன்றும் தேவியைத் தேடி மால்டாவுக்கு யாத்திரை போகிறார்கள். அவர்களைப் பற்றி காத்ரின் ரவுன்ட்ரீ என்ற நியூஸிலாந்து மானுடவியலாளர் பரிவோடு எழுதியிருக்கிறார்.

ஆனால் கதையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் விசாரித்துவிடலாம். ஆதியில் தாயாட்சி என்பதை 1861இல் புத்தகமாக எழுதியவர் பாகோஃபென் என்ற சுவிஸ் சட்ட அறிஞர். ஆண். அவர் கணக்கில் தாயாட்சி என்பது மனிதகுலம் தாண்டி வந்த கீழ்ப்படி, தந்தையாட்சிதான் முன்னேற்றம். எங்கெல்ஸ் அதை 1884இல் வேறு கணக்கில் எடுத்துக்கொண்டார். ராகுல சாங்கிருத்தியாயன் கதையாக்கினார். கண. முத்தையா மொழிபெயர்த்த 'வால்காவிலிருந்து கங்கை வரை' படிக்காத தமிழ் வாசகர்கள் குறைவு. முதல் கதையில் வால்கா நதிக்கரையில் குடும்பத்தை ஆள்வது ஒரு தாய். நம்மில் பலருக்குத் தாயாட்சி அங்கேதான் அறிமுகம். வேடிக்கை என்னவென்றால், கிம்புட்டாஸ் கதையில் அதே வால்கா பக்கத்துப் புல்வெளியிலிருந்துதான் தாயாட்சியை ஒழித்தவர்கள் கிளம்புகிறார்கள். ஒருவருக்குத் தொட்டில், இன்னொருவருக்கு வில்லன் வீடு. ஒரே நதி, ஒரே கற்காலம்.

அதுபோக, தெய்வம் பெண்ணாக இருந்தால் ஊரில் பெண்ணுக்கு மரியாதை இருந்திருக்கும் என்பதே ஆட்டம் காணும் வாதம். ஏதென்ஸ் நகரத்துக்குப் பெயரே ஏதெனா தேவியுடையது. குன்றின் மேல் அவளுக்குத் தங்கமும் தந்தமுமாகச் சிலை. கீழே ஊர்ச்சபையில் ஒரு பெண்ணுக்கும் ஓட்டுக் கிடையாது. இதைத் தெரிந்துகொள்ள ஏதென்ஸ் வரைக்கும் போக வேண்டியதில்லை என்பீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

இத்தோடு கிம்புட்டாஸ் கணக்கு முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அந்தக் குதிரைக்காரர்கள் இருக்கிறார்களே, இந்தோ-ஐரோப்பிய மொழிகளைப் பேசியவர்கள் புல்வெளியிலிருந்து வந்தார்கள் என்று அவர் 1956இலேயே சொல்லியிருந்தார். பலர் ஏற்கவில்லை. முக்கியமான எதிராளி, மேலே சொன்ன அதே ரென்ஃப்ரூ. 2015இல் பழைய எலும்புகளின் மரபணுவைப் படித்த ஆய்வுகள் வந்தன. புல்வெளியிலிருந்து பெரிய குடிபெயர்ச்சி நடந்தது நிஜம். 2017இல் ரென்ஃப்ரூ ஒரு சொற்பொழிவில், அந்த அம்மாள் சொன்னது பெருமளவு நிரூபணமாகிவிட்டது என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். கேட்க கிம்புட்டாஸ் இல்லை, 1994இலேயே போய்விட்டார்.

ஆக, 'தேவி பைத்தியம்' என்று அவரை ஒட்டுமொத்தமாகத் தள்ளியவர்கள் பாதி விஷயத்தில் மூக்குடைபட்டார்கள். ஆனால் இந்த மரபணுவைக் காட்டி, பார்த்தாயா, தேவியும் நிஜம் என்று இப்போது சிலர் கிளம்பியிருக்கிறார்கள். அது நடக்காது. குடிபெயர்ச்சியை எலும்பு சொல்லும். கும்பிட்டது யாரை என்று எலும்பு சொல்லாது.

எலும்பு வேறு என்ன சொல்கிறது? அதுதான் இந்தத் தீவின் நிஜக் கதை, அதற்குத்தான் கூட்டம் குறைவு. 1902இல் வீடு கட்ட, தண்ணீர்த் தொட்டி வெட்டியவர்களின் கடப்பாரை ஒரு கூரையை உடைத்துக்கொண்டு போனது. கீழே, பாறையைக் குடைந்து மூன்று அடுக்கில் ஒரு பாதாள உலகம். ஹால் சஃப்லியேனி ஹைப்போஜியம். வெளிச்சமில்லாத அறைகளில், மேலே கட்டிய கோயில்களைப் போலவே வாசலும் தூணும் செதுக்கி, கூரையில் சிவப்புக் காவியால் சுருள் சுருளாக வரைந்து, இறந்தவர்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சுமார் 7000 பேர் என்பது பழைய கணக்கு. முதலில் தோண்டிய இம்மானுவேல் மாக்ரி என்ற பாதிரியார் 1907இல் துனிசியாவில் இறந்துபோக, அவருடைய குறிப்புகள் தொலைந்துவிட்டன. எந்த எலும்பு எங்கே, யாரோடு கிடந்தது என்கிற கணக்கில் பெரும்பகுதி அவரோடு போயிற்று. 'உறங்கும் பெண்' கிடைத்தது இந்தப் பாதாளத்தில்தான். தேவி என்கிறார்கள் சிலர், பூசாரி கனவு காண்கிறாள் என்கிறார்கள் சிலர். இறந்தவர்கள் மத்தியில் தூங்குகிறவள் இறந்தவளாகவே இருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு கோசோவின் ஷாரா வட்டத்தில் 1987 முதல் 1994 வரை ஒழுங்காகத் தோண்டியபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகள் கிடைத்தன. 2013இல் தொடங்கிய ஐந்து வருஷ ஆராய்ச்சி அவற்றையும் தீவின் மண்ணையும் மகரந்தத்தையும் படித்தது. மரம் குறைந்து, மண் கரைந்து, மழை பொய்த்து, சோற்றுக்கு இழுபறியான தீவு. கடல் சுற்றி இருந்தும் மீன் அதிகம் சாப்பிடவில்லை. 2022இல் வெளியான மரபணு ஆய்வு, சின்னஞ்சிறு ஜனத்தொகை, சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் என்றது. இப்படிப்பட்ட இடத்தில், பசி வாசலில் நிற்கும்போது, கொழுத்த தொடையைக் கல்லில் செதுக்கியது ஏன்? அது தெய்வமோ மூதாதையோ, பசித்தவன் செதுக்கிய குண்டு உடம்பு அது. எனக்கு இந்த ஒரு வரி, தேவியின் மொத்த அகராதியைவிடக் கனமாக இருக்கிறது.

அப்படியானால் மால்டாவில் தேவியே கிடையாதா? உண்டு. பெயரோடு, விலாசத்தோடு உண்டு. தென்கிழக்கே மார்சஷ்லோக் துறைமுகத்துக்கு மேலே தாஸ் சில்ஜ் என்று ஒரு மேடு. அங்கேயும் ஒரு கற்காலக் கோயில் பாழடைந்து கிடந்தது. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து வந்த பினீசியர்கள் அதையே மடக்கிப் போட்டு அஸ்டார்டே தேவிக்குக் கோயில் எழுப்பினார்கள். படையல் பானைகளில் அவள் பெயரையே கீறி வைத்தார்கள். ரோமானியர் வந்ததும் அவள் ஜூனோ ஆனாள். அப்புறம் அதே இடத்தில் கிறிஸ்தவ தேவாலயம். இன்றைய பெயருக்கு அர்த்தம் 'பனி'. பக்கத்திலுள்ள பனிமய மாதா கோயிலால் வந்த பெயர்.

இந்த ஜூனோ கோயிலைப் பற்றி ரோமின் சிசரோவே எழுதியிருக்கிறார். நுமிடியா ராஜா மாசினிசாவின் கப்பற்படைத் தளபதி அங்கிருந்து பெரிய யானைத் தந்தங்களைக் கிளப்பிக்கொண்டு போய் ராஜாவிடம் கொடுத்தானாம். ராஜாவுக்கு முதலில் ஏக சந்தோஷம். எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும், தனிக் கப்பலில் வைத்துத் திருப்பி அனுப்பினார். தெரியாமல் வாங்கிவிட்டேன், தெரிந்ததும் திருப்பிவிட்டேன் என்று தந்தத்திலேயே எழுதி அனுப்பினார். பிறகு சிசிலியை ஆண்ட ரோமானிய கவர்னர் வெர்ரஸ் அதே தந்தங்களை ஆள் விட்டுச் சுருட்டினான். சிசரோ கி.மு. 70இல் அவன்மேல் போட்ட குற்றப்பத்திரிகையில் இதுவும் ஓர் அயிட்டம்.

கோசோவின் கிராமத்து ஜனங்களிடமும் ஜிகாந்தியாவுக்கு ஒரு கதை இருக்கிறது. சன்சூனா என்கிற ராட்சசி, மொச்சையும் தேனும் தின்றுவிட்டு, இடுப்பில் குழந்தையோடு அந்தக் கல்லையெல்லாம் தூக்கிவந்து கட்டினாளாம். இதில் அவள் தெய்வம் இல்லை. யாரும் அவளைக் கும்பிடவும் இல்லை. வேலை செய்கிறாள், பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறாள்.

மால்டா போகிற உத்தேசம் இருந்தால், ஹைப்போஜியத்துக்கு மட்டும் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். மூச்சுக்காற்றின் ஈரத்தில் ஓவியம் அழிகிறது என்று ஒரு நாளைக்கு 80 பேரைத்தான் விடுகிறார்கள். கிடைக்கவில்லை என்றால் வாலெட்டா மியூசியம் போதும். உறங்குகிறவளைப் பார்த்துவிட்டு, தலையில்லாத குண்டு உருவங்களின் கழுத்தைக் குனிந்து பாருங்கள். குழியும் கயிற்று ஓட்டைகளும் கண்ணில் படும்.